அழித்தது எங்கே போகிறது?

இணையவழி ஒயிட்போர்டு என்பது வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பலர் ஒரே நேரத்தில் எழுதவும் வரையவும் ஒட்டவும் நகர்த்தவும் இடம் தரும் பொதுத் திரை. மிரோ, மியூரல், ஃபிக்ஜாம், எக்ஸ்காலிட்ரா என்று பல பெயர்களில் அது கிடைக்கிறது. ஜெயங்கொண்டத்தில் வீட்டு மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவரும், சென்னை அலுவலகத்தில் இருப்பவரும், சிங்கப்பூரில் இருப்பவரும் ஒரே போர்டைத் திறக்கிறார்கள். ஒவ்வொருவரின் கர்சரும் அவரவர் பெயரைத் தாங்கி நகர்கிறது. ஒருவர் மஞ்சள் ஸ்டிக்கி நோட்டில் ஒரு யோசனையை எழுதுகிறார். இன்னொருவர் அதை இழுத்து வேறொரு நோட்டின் பக்கத்தில் வைக்கிறார். மூன்றாமவர் இது தேவையில்லை என்று நீக்கிவிடுகிறார்.

தத்துவக் கேள்வி பிறப்பது இந்த மூன்றாவது செயலில். எழுதியவர் ஒருவர், அழித்தவர் வேறொருவர். அழிந்தது முற்றாக இல்லாமற் போயிற்றா, வேறு நிலையில் இருக்கிறதா? பொது இடத்தில் அழிக்கும் உரிமை யாருக்கு உண்டு, எந்த நிபந்தனையின் பேரில்? உலகத்தின் தோற்றத்தையும் ஒடுக்கத்தையும் பற்றி இதே கேள்விகளைச் சைவ சித்தாந்திகளும், அவர்களோடு வாதிட்ட நையாயிகரும் பௌத்தரும் பல நூற்றாண்டுகள் கேட்டிருக்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இக்கேள்விக்குக் கல்லிலேயே விடை சொன்ன இடம் ஒன்று உண்டு. விடை தவறிய இடமும் ஒன்று உண்டு.

பொதுத் திரையின் முதல் பெரிய காட்சி 1968 டிசம்பர் 9 அன்று நடந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மேடையில் இருந்துகொண்டு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளரோடு ஒரே திரையில் வேலை செய்து காட்டினார். திரையில் இரண்டு கர்சர்கள் தெரிந்தன. ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தும்போது வரும் மோதலைத் தீர்க்க எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989இல் ஒரு முறையை வகுத்தார்கள். 2011இல் மார்க் ஷப்பிரோவும் அவர் கூட்டாளிகளும் வேறொரு வழியைச் சொன்னார்கள்: எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் எல்லாரிடமும் ஒரே முடிவைத் தரும்படி தரவையே அமைத்துவிடுவது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, நகரத்து வேலையைச் சொந்த ஊரிலிருந்தே பார்க்க வேண்டிய நிலை பலருக்கு வந்தபோது, அதுவரை சில குழுக்களின் கருவியாக இருந்த போர்டு அன்றாடக் கருவியாயிற்று.

இதன் உள்ளே நடப்பதை ஒரு சின்ன நிகழ்ச்சியில் பார்க்கலாம். செந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் ஊழியர் ஒரு நோட்டில் வாக்கியம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதியில் சிக்னல் போய்விடுகிறது. அவர் திரையில் நோட்டு அப்படியே இருக்கிறது. அவர் எழுதிக்கொண்டே போகிறார். அதே நேரத்தில் சென்னையில் இருப்பவர் அந்த நோட்டையே நீக்கிவிடுகிறார். பத்து நிமிடம் கழித்து சிக்னல் திரும்புகிறது. இப்போது நோட்டு இருக்க வேண்டுமா, போக வேண்டுமா? திருத்தியவரின் உழைப்பு செல்லுமா, நீக்கியவரின் முடிவு செல்லுமா?

யார் முதலில் செய்தார் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றும். அது நடவாது என்று லெஸ்லி லாம்போர்ட் 1978இல் விளக்கினார். இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒருபோதும் முழுக்க ஒத்துப்போவதில்லை. ஒரு செயலின் செய்தி இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்து, அதன் பிறகு அவர் ஒன்றைச் செய்தால், முன்னது பின்னது என்று உறுதியாகச் சொல்லலாம். செய்தி எட்டாத நிலையில் இருவர் செய்த செயல்களுக்கு இடையே முன்பின் என்ற உறவே கிடையாது. செந்துறைக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் அந்தப் பத்து நிமிடம் பொதுவான காலம் அன்று.

காலத்தைப் பற்றிய பழைய வாதம் இங்கே உயிர் பெறுகிறது. நையாயிக, வைசேடிக மரபில் காலம் ஒன்றே. அது எங்கும் நிறைந்தது, நித்தியமானது. எல்லா நிகழ்ச்சிகளும் அந்த ஒரே காலத்தில் வரிசையாக நிற்கின்றன. சைவ சித்தாந்தம் இதை ஏற்பதில்லை. முப்பத்தாறு தத்துவங்களில் காலமும் ஒன்று. அது அசுத்த மாயையிலிருந்து தோன்றியது. உயிர்கள் வினையை நுகர்வதற்குத் துணையாக அமைந்தது. அதாவது காலம் தோற்றமுடைய ஒரு காரியம். பலர் எழுதும் போர்டின் உள்ளே நடப்பது இந்த இரண்டாவது கொள்கைக்கே நெருங்கி வருகிறது. அங்கே எல்லாருக்கும் பொதுவான காலம் முன்கூட்டியே இருப்பதில்லை. செயல்களும் செய்திகளும் சேர்ந்து அந்தப் போர்டுக்கான முன்பின்னை உண்டாக்குகின்றன.

அப்படியானால் நோட்டு என்ன ஆகும்? ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகத் தீர்க்கிறது. சில அமைப்புகளில் ஒரே நேரத்தில் சேர்த்தலும் நீக்கலும் மோதினால் சேர்த்தல் வெல்லும். சிலவற்றில் சர்வருக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது வெல்லும். எக்ஸ்காலிட்ராவில் ஒவ்வொரு உருவத்துக்கும் பதிப்பு எண் உண்டு. எண் பெரியதாக இருப்பது நிற்கும். இரண்டும் சமமாக இருந்தால், குருட்டாம்போக்கில் கொடுக்கப்பட்ட இன்னொரு எண்ணை வைத்து முடிவு செய்யப்படுகிறது. 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு விதித்தபடி ஊர்ச்சபைத் தேர்தலில் சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுத்ததும் இதே நியாயத்தின்மேல்தான்: தீர்க்க வேறு நேர்மையான வழி இல்லாத இடத்தில் எந்த மனிதரின் விருப்பமும் நுழையாதிருக்கட்டும். நிரலில் எழுதிய இத்தகைய விதிகள் அறத் தீர்ப்புகள். உழைப்பைக் காப்பதா, முடிவைக் காப்பதா என்று யாரோ ஒருவர் எல்லாருக்காகவும் முன்பே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறார். போர்டைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் அந்தத் தீர்ப்பைப் பார்த்ததே இல்லை.

நீக்கப்பட்டதன் கதி இன்னும் ஆழமானது. இதுபோன்ற பல அமைப்புகளில் ஒன்றை நீக்கினால் அது உடனே மறைந்தொழிவதில்லை. நீக்கப்பட்டது என்ற குறியோடு உள்ளே இருக்கிறது. டூம்ஸ்டோன் என்று கணினியாளர்கள் அதைச் சொல்கிறார்கள். அந்தக் குறியும் இல்லாவிட்டால், சிக்னல் திரும்பப் பெற்றவரின் கணினி தன்னிடம் உள்ள நோட்டைப் புதியது என்று நினைத்து மறுபடி எல்லாருக்கும் அனுப்பிவிடும். அழித்தது எழுந்து வரும். ஆகவே ஒன்று இல்லை என்பதைக் காக்க, அது இருந்தது என்ற நினைவைக் காத்தாக வேண்டியிருக்கிறது.

இந்திய அளவை நூல்கள் இன்மையை ஒரு பொருளாகவே ஆராய்ந்தவை. வைசேடிகர் அபாவத்தை, அதாவது இன்மையை, வகைப்படுத்தும்போது, ஒரு பொருள் அழிந்தபின் உண்டாகும் இன்மையைத் தனியே எடுத்துச் சொல்கிறார்கள். தமிழில் அது அழிவுபாட்டபாவம். அதற்கு ஒரு தனி இயல்பு உண்டு: தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. குடம் உடைந்த கணத்தில் அந்தக் குடத்தின் இன்மை தொடங்குகிறது. அதன்பின் என்றும் நீடிக்கிறது. வேறு குடம் செய்யலாம், அந்தக் குடம் திரும்பாது. டூம்ஸ்டோன் குறி இந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நீக்கிய கணத்தில் அது தொடங்குகிறது, தானாக முடிவதில்லை. பழைய போர்டுகளில் இந்தக் குறிகள் சேர்ந்துகொண்டே போவது பொறியாளர்களுக்கு உண்மையிலேயே ஒரு தொல்லை. இன்மையைப் பதார்த்தமாக எண்ணியது வெறும் சொற்சிலம்பம் என்று கருதுவோர் இந்தத் தொல்லையை ஒரு முறை பார்க்க வேண்டும்.

பௌத்தரின் கணபங்க வாதம் வேறு திசையில் போகிறது. ஒவ்வொரு பொருளும் ஒரு கணமே இருந்து கெடுகிறது. அடுத்த கணத்தில் இருப்பது அதைப் போன்ற வேறொன்று. நிலைத்த பொருள் என்று நாம் காண்பது கணங்களின் தொடர். போர்டின் வரலாற்றைச் செயல்களின் நிரலாகச் சேமிக்கும் கருவிகளுக்கு இந்தப் பார்வை ஒத்துவரும். அங்கே போர்டு என்று ஒரு பொருள் சேமிக்கப்படுவதில்லை. சேர்த்தது, நகர்த்தியது, நீக்கியது என்ற நிகழ்ச்சித் தொடரே சேமிக்கப்படுகிறது. கேட்கும்போது அதிலிருந்து காட்சி உருவாகிறது.

சைவ சித்தாந்தத்தின் விடை சற்காரியவாதம். காரியம் தோன்றுமுன்பே காரணத்தில் நுண்மையாக இருக்கிறது. அழியும்போது மீண்டும் காரணத்தில் ஒடுங்குகிறது. உள்ளதற்கு முற்றான இன்மை இல்லை, முற்றாக இல்லாததற்குத் தோற்றமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் உலகத்தை ஒடுக்கியவனிடமிருந்தே மீளத் தோன்றுவதாக நிறுவுகிறது. அழித்தவனே மீட்க வல்லவன் என்பதால் அவனே முதல்வன் என்பது அங்கே வாதத்தின் உயிர்நாடி. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பௌத்தரின் நான்கு பிரிவினரோடும் வாதிட்ட பிறகு, படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் இறைவனின் ஐந்தொழிலுக்கும் அருளே காரணம் என்று காட்டுகிறார். பிறந்து இறந்து களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் தருவதே அழித்தல். மறைத்தலும் அருளின் வேலையே. வினைப்பயனில் உயிர் ஈடுபட வேண்டும் என்பதற்காக இறைவன் தன்னை மறைத்துக்கொள்கிறான்.

இக்கொள்கையைப் போர்டுக்குக் கொண்டுவரும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. இறைவன் ஒடுக்கியதை அவனே மீண்டும் தோற்றுவிக்கிறான். காரணம் அவன் கையில் இருக்கிறது. மனிதன் அழித்ததை மனிதனால் தோற்றுவிக்க முடியாது, மீட்கும் வழியை முன்பே செய்துவைத்திருந்தால் தவிர. ஃபிக்மா நிறுவனத்தின் பொறியாளர்கள் 2019இல் தங்கள் முறையை விளக்கியபோது சொன்ன ஒரு செய்தி இந்த இடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒருவர் ஓர் உருவத்தை நீக்கினால் சர்வர் அதைப் பற்றி எதையும் வைத்துக்கொள்வதில்லை. நீக்கியவரின் கணினியிலேயே, செய்ததைத் திரும்பப் பெறும் நினைவில், அந்த உருவத்தின் முழு விவரமும் தங்குகிறது. அழித்தவனிடமே மீட்கும் பொறுப்பும் இருக்கிறது. சர்வர் சுமக்கும் பாரம் குறைய வேண்டும் என்ற கணக்கில் எடுத்த முடிவு அது; ஆனாலும் மெய்கண்டாரின் வாதத்துக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. ஒரே குறை, அவர் உலாவியை மூடிவிட்டால் அந்த நினைவும் போய்விடும்.

அழிக்கும்முன்பே மீட்கும் வழியை மனிதர் பொதுச் சுவரில் எப்படிச் செய்துவைத்தார்கள் என்பதற்கு அரியலூர் மாவட்டத்தின் திருமழபாடி சான்று. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள வைத்தியநாதர் கோயில் அது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். சுந்தரர் திருவாலம்பொழிலில் துயின்றபோது இறைவன் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயோ என்று கேட்டதாகத் தொண்டர் வரலாறு சொல்லும். இந்தக் கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1013இல், ஆணையிட்டான். பழைய சுவரில் அதற்கு முன் எழுதிய கல்வெட்டுகள் இருந்தன. விளக்குக்கு விட்ட ஆடுகள், பூசைக்குக் கொடுத்த நிலம், பொன், அவற்றின் எல்லைகள் என்று பலர் பல காலத்தில் எழுதுவித்தவை அத்தகைய எழுத்துகள். இடிக்கும்முன் அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்தார்கள். ராஜராஜன் மறைந்தான். அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1026இல், அந்தப் படியிலிருந்து புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள்.

ஏறத்தாழ 13 ஆண்டுகள் அந்த அறக்கட்டளைகளுக்குக் கல்லில் இடமில்லை. அவை படியில் ஒடுங்கியிருந்தன. ஒடுக்கம், மீளத் தோற்றம் என்ற இரண்டையும் இவ்வளவு துலக்கமாகக் காட்டும் மனிதச் செயல் அரிது. இதில் கவனிக்க வேண்டியது ஆணையிட்டவனின் நிலை. அவன் பேரரசன், இடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழைய சுவரில் எழுதுவித்தவர்களில் பலர் அப்போது இறந்து போயிருப்பார்கள். ஏன் அழித்தாய் என்று கேட்க வர மாட்டார்கள். அப்படியிருந்தும் அவர்களின் வாசகம் அவன் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல என்று அரசு நடந்துகொண்டது.

இதற்குப் பின்னால் ஒரு நிர்வாகப் பழக்கம் இருந்தது. சோழர் காலத்தில் அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை என்னும் அலுவலர் எழுதிக்கொள்வார். திருமந்திர ஓலை நாயகம் ஒப்பிட்டுப் பார்ப்பார். புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை என்று பல பொறுப்பினர் கைமாறி அது வரிக் கணக்கில் ஏறும். ஆனைமங்கலச் செப்பேடு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில் தஞ்சையில் சொன்ன ஆணையைப் பதிவு செய்கிறது. ஊரார் பெண் யானையோடு எல்லை சுற்றி வந்து கையெழுத்திட்டதும் அதில் இருக்கிறது. சுமார் 1025 முதல் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தலைநகராக இருந்த கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்தும் ஆணைகள் இப்படித்தான் புறப்பட்டன. ஒருவரையொருவர் பாராத பலர், வெவ்வேறு ஊர்களிலிருந்து, ஒரே ஆவணத்தைச் செய்தார்கள். ஒவ்வொரு கையும் பெயரோடு பதிந்தது. போர்டில் யார் எதை எழுதினார், யார் நகர்த்தினார் என்று பார்க்கும் வசதிக்கு இது முன்னோடி என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டாக எழுதுவோருக்கு அது எந்தக் காலத்திலும் தேவைப்படுகிறது என்பது போதும்.

படியெடுத்து மறுபடி வெட்டியது பழைய கல்வெட்டேதானா என்ற கேள்வி எழும். கல் வேறு, வெட்டிய உளி வேறு, எழுத்தின் வடிவமும் சற்று மாறியிருக்கும். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் சாத்தனூரில் இந்தக் கேள்விக்கு இயற்கை ஒரு பொருளைப் படைத்து வைத்திருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் அங்கே கண்ட கல்மரம் 18 மீட்டருக்கு மேல் நீளம். ஏறக்குறைய 12 கோடி ஆண்டுப் பழமை உடையது என்கிறார்கள். கடலடிச் சேற்றில் புதைந்த மரத்தின் பொருளை நீர் மெல்ல மெல்லக் கரைத்து, அந்த இடத்தில் கனிமத்தை வைத்தது. இன்று மரத்தின் வடிவம் இருக்கிறது, பழைய மரப்பொருள் பெரிதும் போய்விட்டது. வைசேடிகர் இதைப் புதிய பொருள் என்பார். உறுப்புகள் மாறினால் உறுப்பி மாறும் என்பது அவர் கொள்கை. பௌத்தர் தொடர்ச்சி மட்டுமே உண்டு என்பார். கல்வெட்டைப் பொறுத்தவரை விடை எளிது: கல்வெட்டின் பயன் உரிமையைக் காப்பது. திருமழபாடியில் புதுக்கல்லில் ஏறிய பின்னும் விளக்கு எரிக்க வேண்டியவர் எரிக்கவே வேண்டும், எல்லை அதே எல்லை. வாசகமும் கடமையும் தொடர்ந்தால் அது அதே கல்வெட்டு. உருவம் மட்டும் தங்கி, கட்டுப்பாடு விட்டுப்போனால் அது கல்மரம் போல் அழகான எச்சம்.

2024இல் ஜாம்போர்டு மூடியபோது பயனர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இத்தகைய எச்சமே. கூகுள் 2016இல் அறிவித்த அந்த ஒயிட்போர்டு 2024 டிசம்பர் 31 அன்று நின்றது. அதற்கு முன்பே, அக்டோபர் முதல், அதில் எழுத முடியாதபடி பார்வைக்கு மட்டும் என்றாக்கினார்கள். பிடிஎஃப் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ள வழி இருந்தது. வேறு சில போர்டுகளுக்கு மாற்றவும் வழி செய்தார்கள். முன்னறிவிப்பும் படியும் கொடுத்தது நேர்மையான செயல். ஆனால் பிடிஎஃபில் நோட்டை நகர்த்த முடியாது, பதில் எழுத முடியாது. மாற்றிக்கொண்டவர்களுக்கு மட்டுமே போர்டு போர்டாகத் தொடர்ந்தது. படி மட்டும் போதாது, படியிலிருந்து மீண்டும் எழுதும் இடமும் வேண்டும் என்பதைத் திருமழபாடி நிகழ்ச்சியின் இரண்டாம் பகுதி சொல்கிறது.

அதே அரியலூர் மாவட்டத்தில் திருமழபாடிக்கு நேர்மாறான நிகழ்ச்சி 1836இல் நடந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்று மதிலையும் வேறு பகுதிகளையும் உடைத்துக் கருங்கல்லை அணைக்கு எடுத்துப் போனார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள். தடுத்தவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எடுத்துப் போன கற்களில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லும் படி எதுவும் இன்று நம்மிடம் இல்லை. அணை பாசனத்துக்கு உதவியது என்பதில் ஐயமில்லை, வயலும் வேண்டியதுதான். ஆனால் படியெடுக்கும் நினைப்பு யாருக்கும் வரவில்லை என்பதே அந்தச் செயலின் குற்றம்.

சற்காரியவாதி இங்கே கடினமான கேள்வியைச் சந்திக்கிறான். கல் அழியவில்லை, அணையில் இருக்கிறது. காரணப் பொருள் முழுசாக இருக்கிறது. அப்படியானால் எதுவும் தொலையவில்லை என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. எழுத்து, பொருளின் ஓர் ஒழுங்கு. ஒழுங்கு குலைந்தபின் பொருள் மட்டும் மிஞ்சுவது சமூகத்துக்கு அழிவே. இறைவனுடைய நோக்கில் ஒடுக்கமாக இருப்பது மனிதர் நோக்கில் அழிவுபாட்டபாவம்தான், முடிவில்லாத இன்மை. உள்ளது போகாது என்ற தத்துவத்தைச் சொல்லி மனிதர் செய்யும் அழிவுக்குச் சமாதானம் தேடுவது அந்தத் தத்துவத்துக்கே இழுக்கு.

அழிப்பவரைத் தடுக்க வழியில்லாத இடத்தில் எழுதியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கல்வெட்டுகளின் கடைசி வரிகள் காட்டுகின்றன. ஓம்படைக்கிளவி என்று அதற்குப் பெயர். இந்த அறத்தை அழிப்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவார் என்று ஒரு பக்கம் அச்சுறுத்தல். இன்னொரு பக்கம், இதைக் காப்பவரின் பாதங்கள் தன் தலைமேல் இருப்பதாகத் தானம் செய்தவர் வணங்குகிறார். அச்சுறுத்தலைவிட இந்த வணக்கமே பெரியது. யாரென்றே தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவரின் காலை ஓர் அரசன் தன் தலையில் தாங்குகிறான். பொதுவில் எழுதிவிட்டவன் அதன் காவலைப் பிற்காலத்தாரிடம் ஒப்படைத்துவிட்டான். அதனால் அவர்களுக்குக் கீழ்ப்பட்டவன் ஆகிறான். கூட்டுப் போர்டில் எழுதுவோருக்கும் அடுத்து வருவோருக்கும் இடையிலுள்ள உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

எல்லாவற்றையும் காத்தே தீர வேண்டுமா என்பது எதிர்க்கேள்வி. அதற்கும் நியாயம் உண்டு. யோசனை தேடும் கூட்டத்தில் அரைகுறை எண்ணங்கள் வர வேண்டும். எழுதியது ஒவ்வொன்றும் பெயரோடு என்றென்றும் நிற்கும் என்று தெரிந்தால் இளையவர் எழுத மாட்டார். மேலதிகாரி முதல் நோட்டை எழுதிவிட்டால், அடுத்து வரும் நோட்டுகள் அதன் சாயலிலேயே வருவதைக் கூட்டங்களில் காணலாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்று சித்தாந்தம் சொல்வது இதுதான். இதனாலேயே ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராதபடி சிறிது நேரம் மறைத்துவைக்கும் வசதியைச் சில கருவிகள் தருகின்றன. எல்லாரும் எழுதி முடித்தபின் திரை விலகுகிறது. மறைத்தல் இங்கே உண்மையாகவே உதவியாகிறது. தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கேட்கும் உரிமையை 2023ஆம் ஆண்டின் இந்திய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தருகிறது. தான் எழுதியதைத் தான் அழிப்பதும், பிறர் எழுதியதை அழிப்பதும் ஒரே பட்டனில் நடந்தாலும் அறத்தில் அவை இரண்டு செயல்கள். முதலாவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதற்குக் கேட்க வேண்டும். கேட்க முடியாவிட்டால் மறைத்து வைக்கலாம், ஒழிக்கக் கூடாது.

யாருக்குப் போர்டில் எழுத இடம் என்பது இதற்கும் முந்திய கேள்வி. கருவிகள் உரிமையாளர், திருத்துவோர், கருத்துரைப்போர், பார்ப்போர் என்று படிநிலை வைக்கின்றன. கோயில் சுவரிலும் படிநிலை இருந்தது. நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு விட்டவர் பெயர் கல்லில் ஏறியது. ஆட்டை ஏற்று நாள்தோறும் நெய் அளந்த இடையர் பெயர் சில இடங்களில் ஏறியது, பல இடங்களில் இல்லை. சுவரில் எழுத்தே பெறாத கைகள் எத்தனையோ. படியெடுத்துக் காக்கும் ஒழுக்கம் எழுதப்பட்டதை மட்டுமே காக்கும். எழுத இடம் பெறாதவர்களை அது மீட்காது. திருமழபாடியைப் புகழும்போது இந்த எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அழித்து மறுபடி எழுதுவது இந்த மாவட்டங்களின் அண்மைக்கால வரலாற்றிலும் நடந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் மாவட்டம் பிரிந்தது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டமாயிற்று. ஒரு பெயரை வரைபடத்திலிருந்து எடுத்து, சில ஆண்டுகளில் திரும்ப வைக்க முடிந்தது. காரணம், ஊர்களும் வட்டங்களும் கணக்குகளும் இடையில் கலையாமல் இருந்தன.

திருமழபாடியின் அந்தக் கல்வெட்டு 1925இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அச்சேறியிருக்கிறது. இடிக்கும்முன் எடுத்த படி இன்று இல்லை. இரண்டு மாவட்டங்களிலும் இன்றைக்கும் கோயில் திருப்பணிகள் நடக்கின்றன. கல்லைச் சுத்தம் செய்யும் மணல்வீச்சில் எழுத்து மழுங்கிய சுவர்கள் தமிழகத்தில் குறைவில்லை. திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள் கல்லைத் தொடுமுன் மைப்படியும் நிழற்படமும் எடுத்துவிடுங்கள். கழற்றும் ஒவ்வொரு கல்லுக்கும் எண் இடுங்கள். கூட்டுப் போர்டின் உரிமையாளராக இருப்பவர்கள் பிறர் நோட்டை நீக்குமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள். போர்டையே மூடுவதானால் எல்லாரும் திறந்து தொடர்ந்து எழுதக்கூடிய படி ஒன்றைக் கொடுத்துவிட்டு மூடுங்கள்.